விசா ஒருவர் கையில், வாழ்க்கை இருவருடையது: கலப்புக் குடிவரவு நிலை வீடுகளில் சமரசம்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஒரு தமிழ் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு எச்-1பி வேலை விசா. மனைவிக்கு அவரைச் சார்ந்த எச்-4. சென்னையில் பிறந்த மூத்த மகளுக்கும் எச்-4. அமெரிக்காவிலேயே பிறந்த இளைய மகன் அந்த நாட்டுக் குடிமகன். பேரப்பிள்ளைகளோடு இருக்க வந்த பாட்டி பார்வையாளர் விசாவில் இருக்கிறார். ஐந்து பேரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஆனால் அந்த நாட்டில் தங்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி.

லாஸ் ஏஞ்சலிஸில் இன்னொரு வீடு. மனைவி குடிமகள். கணவர் மெக்சிகோவிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் எல்லை தாண்டி வந்தவர், கையில் பேப்பர் எதுவும் இல்லை. பிள்ளைகள் இருவரும் குடிமக்கள். பேப்பர் இல்லாத பெற்றோர் ஒருவரோடாவது வாழும், அமெரிக்காவில் பிறந்த சிறார் மட்டும் 40 லட்சத்துக்கும் மேல் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இத்தகைய வீடுகளைத்தான் அங்கே கலப்பு நிலைக் குடும்பங்கள் என்கிறார்கள். பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டைப் போன்றவற்றுக்கே அந்தப் பெயர் பொருந்தும் என்றாலும், ஃப்ரீமாண்ட் வீட்டின் சிக்கலும் அதே வேரிலிருந்துதான் வருகிறது.

இந்த வீடுகளில் கணவன் மனைவி பிரிய நேர்ந்தால் என்ன ஆகும்? கலிஃபோர்னியாவில் முதலில் சமரசம். குழந்தைகள் யாரிடம் இருப்பது என்பதில் பெற்றோருக்குள் தகராறு என்றால், நீதிபதி முன் நிற்பதற்கு முன்பே சமரசரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். 1981 முதல் அங்கே இதுதான் சட்டம். சொத்து, ஜீவனாம்சம் போன்றவற்றைத் தனியார் சமரசரை வைத்துப் பேசிக்கொள்ளலாம், அது அவரவர் விருப்பம். செலவு குறைவு, வேகம் அதிகம், குழந்தைகளை வைத்து நீதிமன்றத்தில் குத்துச்சண்டை போட வேண்டியதில்லை. எல்லாம் சரிதான்.

சிக்கல் சமரசத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது. இரண்டு பேரும் கிட்டத்தட்டச் சம பலத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள், பேச்சு பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம் என்ற அனுமானத்தில்தான் அந்த அறை இயங்குகிறது. ஒருவருடைய விசா இன்னொருவர் கையில் இருக்கும்போது எழுந்து போவது என்பது நாட்டைவிட்டே போவதாக ஆகிவிடலாம். இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. சமரச ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட இருவரைத்தான் கட்டும். குடிவரவுத் துறையைக் கட்டாது. அதனால் அந்த அறையில் தரப்படும் வாக்குறுதிகளில் பல நிறைவேற்றவே முடியாதவை. நிறைவேற்றக்கூடிய பலவற்றை யாரும் கேட்பதே இல்லை.

தரக் கூடாத வாக்குறுதிகள்

“விவாகரத்து ஆனாலும் உன்னுடைய எச்-4 இருக்கட்டும், நான் கம்பெனியில் சொல்லி வைக்கிறேன்.” இதை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. எச்-4 என்பது திருமணத்தைச் சார்ந்த நிலை. விவாகரத்துத் தீர்ப்பு இறுதியாகும் நாளில் அது முடிந்துவிடும். கணவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதை நீட்டிக்க அவரால் முடியாது. வேலை போன எச்-1பிக்காரருக்கு 2017 முதல் 60 நாள் வரை அவகாசம் உண்டு. விவாகரத்தான எச்-4 மனைவிக்கு அப்படி ஒரு ஏற்பாட்டைச் சட்டம் தனியாகச் செய்யவில்லை.

கிரீன் கார்டு வரிசையின் கதை இதைவிடக் கசப்பானது. வேலைவழிக் கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. அதில் எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவில் பிறந்தவர்கள் பத்தாண்டுக்கும் மேலாக வரிசையில் நிற்பது இதனால்தான். அந்த வரிசையில் மனைவிக்குத் தனி இடம் இல்லை, கணவரின் இடம்தான் அவருக்கும். கார்டு கைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு விவாகரத்து இறுதியானாலும் அத்தனை வருடக் காத்திருப்பும் அவருக்குப் போய்விடும். மகளுக்குப் போகாது, அப்பாவின் மகள் என்ற உறவு விவாகரத்தால் அறுவதில்லையே. இதில் தாயும் மகளும் வெவ்வேறு கரைகளில் ஒதுங்கும் வாய்ப்பு இருப்பதை எத்தனை பேர் யோசித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் வாக்குறுதி வேறு மாதிரி வரும். “நீ ஊருக்குப் போய் முறையாகத் திரும்பி வா, நான் மனு போடுகிறேன்.” 1996-இல் வந்த சட்டத்தின்படி, 180 நாளுக்கு மேல் அனுமதியின்றித் தங்கிவிட்டு வெளியேறினால் 3 ஆண்டுத் தடை, ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கியிருந்தால் 10 ஆண்டுத் தடை. விலக்கு கேட்கலாம்தான். ஆனால் அதற்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி அல்லது பெற்றோருக்குக் கடும் துன்பம் நேரும் என்று காட்ட வேண்டும். பிள்ளைகள் படும் துன்பம் மட்டும் அந்தக் கணக்கில் நேரடியாகச் சேராது. விவாகரத்து ஆகிவிட்டால் துன்பத்தைக் காட்ட மனைவியும் இல்லை, மனைவி போட்ட மனுவும் நிற்காது. ஆக, பிரிந்த பிறகும் மனுவைக் கைவிட மாட்டேன் என்ற வாக்கு ஒப்பந்தத்தில் எவ்வளவு அழகாக எழுதப்பட்டாலும் அது வெறும் மை.

மூன்றாவது வகை வாக்குறுதி அசிங்கமானது. “கஸ்டடியை விட்டுக்கொடு, நான் ஐஸுக்குப் போன் பண்ண மாட்டேன்.” ஐஸ் என்பது குடிவரவு அமலாக்கத் துறையின் பெயர்ச்சுருக்கம். குடிவரவு நிலையைக் காட்டிக்கொடுப்பேன் என்று மிரட்டி எதையாவது பிடுங்குவது கலிஃபோர்னியாவில் மிரட்டிப் பறிக்கும் குற்றம். 2013-இல் சட்டத்தைத் திருத்தி இதைத் தெளிவாகவே சேர்த்தார்கள். இப்படி ஒரு பேரத்தை ஒப்பந்தத்தின் வரியாக எழுத உதவும் சமரசர் தன் வேலையைப் புரிந்துகொள்ளாதவர். அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துவதுதான் முறை. காட்டிக்கொடுப்பதற்கு அவர் நினைக்கும் அளவுக்கு நீதிமன்ற மதிப்பும் இல்லை. பெற்றோரின் குடிவரவு நிலை குழந்தையை வளர்க்கும் உரிமைக்குத் தகுதிக்குறைவு ஆகாது என்று 2012-இல் கலிஃபோர்னியா தன் குடும்பச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. இதை அறியாதவர்தான் மிரட்டலுக்குப் பணிகிறார்.

சொன்னது எங்கே போகும்?

நான் யாருக்காவது ஒரே ஒரு ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: சமரச அறையில் வாயைத் திறப்பதற்கு முன், இங்கே பேசுவது நீதிபதிக்குப் போகுமா என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவிலேயே மாவட்டத்துக்கு மாவட்டம் விதி மாறுகிறது. சில மாவட்டங்களில் நீதிமன்றச் சமரசர் பேசுவதை ரகசியமாக வைத்துக்கொள்வார். வேறு சில மாவட்டங்களில் பெற்றோர் ஒத்துப்போகாவிட்டால், குழந்தை யாரிடம் இருக்கலாம் என்று சமரசரே நீதிபதிக்குப் பரிந்துரை எழுதுவார். 2012 முதல் அந்த வகைக்குப் பெயரையே மாற்றி, பரிந்துரை தரும் ஆலோசனை என்று அழைக்கிறார்கள். தனியார் சமரசத்தில் சட்டப் பாதுகாப்பு இன்னும் வலுவானது. அங்கே சொன்னதை எடுத்துப் பின்னால் வழக்கில் சாட்சியமாக வைக்க முடியாது. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிய வந்தால் நிலைமை வேறு.

ரகசியம் என்ற சொல்லை நம் ஊர்க்காரர்கள் சற்றுத் தாராளமாகவே நம்புகிறார்கள். ஒப்பந்தம் எழுதப்பட்டு நீதிமன்றத்தில் தாக்கலானால் அது தீர்ப்பின் பகுதி. பிற்பாடு கிரீன் கார்டுக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும்போது விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கேட்பார்கள். குடிமகனையோ கிரீன் கார்டுக்காரரையோ மணந்து, கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகாதிருந்தால், முதலில் வருவது இரண்டு ஆண்டு நிபந்தனைக் கார்டு. நிபந்தனையை நீக்கக் கணவனும் மனைவியும் சேர்ந்து மனு போட வேண்டும். விவாகரத்து ஆகிவிட்டால் தனியாகப் போடலாம், ஆனால் அது பொய்த் திருமணம் அல்ல என்று காட்டும் சுமை விண்ணப்பிப்பவருடையது. இப்போது கோபத்தில் ஒருவர் “இவள் பேப்பருக்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள்” என்று ஒப்பந்த முன்னுரையில் எழுத வைத்திருந்தால் யோசித்துப் பாருங்கள். பணத்துக்கும் குழந்தைக்கும் சம்பந்தமில்லாத ஒரு வாக்கியம், அடுத்த ஐந்தாண்டைக் காவு வாங்கிவிடும். நல்ல சமரசர்கள் காரணம் எதையும் எழுதாமல் ஏற்பாட்டை மட்டும் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிர்ப்பக்கத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அடித்ததை ஒப்புக்கொண்டு, “சரி, குற்ற வழக்கில் லேசாக ஒத்துக்கொண்டு விடுகிறேன், இங்கே சமாதானமாய்ப் போகலாம்” என்று நினைக்கும் கணவர், குடும்ப வன்முறைத் தண்டனையும் பாதுகாப்பு ஆணையை மீறியதும் நாடுகடத்தலுக்கே காரணமாகலாம் என்பதை அறிந்திருக்க மாட்டார். குழந்தைச் செலவுப் பணத்தை வேண்டுமென்றே கட்டாமல் விட்டவருக்குக் குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தைக் கேள்வி எழும். அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர் 2,500 டாலருக்கு மேல் பாக்கி வைத்தால் பாஸ்போர்ட்டே மறுக்கப்படும்.

சமரசர் எல்லோருக்கும் வக்கீல் ஆக முடியாது, ஆகவும் கூடாது. இரு தரப்பும் தனித்தனியாகக் குடிவரவு வழக்கறிஞரைப் பார்ப்பது அவசியம். இதில் எச்-4 வீடுகளில் ஒரு பொறி இருக்கிறது. “நம்ம லாயர்” என்று வீட்டில் சொல்லப்படுபவர் பெரும்பாலும் கணவரின் கம்பெனி அமர்த்தியவர். அவருடைய கட்சிக்காரர் கம்பெனி, பிறகு கணவர். மனைவி அவரிடம் மனம் திறந்து கேட்கும் கேள்வி எங்கே போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தெரிந்த ஒருவர் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பார் என்று போவது அதைவிட மோசம்.

தேதிதான் பேரம்

இதுவரை எதெல்லாம் முடியாது என்று சொன்னேன். முடிவது என்ன? என் பார்வையில், கலப்பு நிலை வீட்டுச் சமரசத்தின் உயிர் காலண்டரில் இருக்கிறது. வீட்டைப் பாதியாகப் பிரிப்பது எளிது, கலிஃபோர்னியா சட்டம் அதற்கு ஒரு சூத்திரமே வைத்திருக்கிறது. தீர்ப்பு எந்தத் தேதியில் இறுதியாக வேண்டும் என்பதில்தான் மனைவியின் எதிர்காலம் தொங்குகிறது. விவாகரத்து மனு மற்றவருக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாமல் கலிஃபோர்னியாவில் திருமண பந்தம் முடியாது. அது குறைந்தபட்சம்தான். இருவரும் ஒப்புக்கொண்டால் தள்ளிப்போடலாம்.

அந்த இடைவெளியில் என்ன செய்யலாம்? எச்-4 உயிரோடு இருக்கும்போதே மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற விண்ணப்பிக்கலாம். ஒரு கம்பெனி கிடைத்தால் மார்ச் மாத எச்-1பி குலுக்கலில் பெயர் பதியலாம். விழுந்தால் அக்டோபர் 1 முதல் சொந்த விசா. 2015 முதல் சில எச்-4 துணைவர்களுக்கு வேலை அனுமதி உண்டு. கணவரின் கிரீன் கார்டு மனுவின் ஒரு கட்டம் ஒப்புதலானால் அது கிடைக்கும். அதை வைத்துப் பிரிவுக்கு முன்பே ஒரு வேலையில் காலூன்றினால் ஜீவனாம்சப் பேச்சும் மாறும். ஆக, “குழந்தைகள், பணம் எல்லாவற்றையும் இப்போதே பேசி முடித்துவிடுவோம், திருமண முறிவை மட்டும் அக்டோபருக்குப் பிறகு வைப்போம்” என்பது முழுக்க முழுக்கச் சமரசத்தில் சாத்தியமான ஏற்பாடு. நீதிபதி தானாக இதைத் தர மாட்டார். பேசிப் பெற வேண்டும்.

விவாகரத்துக்குப் பதிலாகச் சட்டப்படிப் பிரிந்து வாழும் தீர்ப்பும் உண்டு. அதில் திருமணம் முறிவதில்லை, சொத்தும் குழந்தைப் பொறுப்பும் தீர்ந்துவிடும். பொதுவாக இருவரும் சம்மதித்தால்தான் கிடைக்கும் என்பதால் இதுவும் பேச்சுவார்த்தையின் பிள்ளைதான். குடிவரவில் இதன் விளைவு ஒவ்வொரு பிரிவுக்கும் மாறும். உதாரணமாக, குடிமகனை மணந்ததால் மூன்றே ஆண்டில் குடியுரிமை கேட்கும் சலுகை, சேர்ந்து வாழாதவருக்குக் கிடைக்காது. வக்கீலைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

தேதியோடு காகிதமும் வேண்டும். எச்-4 நீட்டிப்புக்குக் கணவரின் ஒப்புதல் அறிவிப்பு நகல், சம்பளச் சீட்டு, திருமணச் சான்றிதழ் எல்லாம் தேவை. இவை பெரும்பாலும் கணவரின் மின்னஞ்சலில்தான் தூங்கும். “குறிப்பிட்ட தேதிக்குள் இந்த நகல்களைத் தர வேண்டும், பாஸ்போர்ட்டுகள் அவரவரிடமே இருக்க வேண்டும், வேலை போனால் இரண்டு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்” என்று மூன்று வரி எழுதிக்கொள்ளலாம். கணவருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. மனைவிக்கு இதுதான் மூச்சு.

பணத்தில் ஒரு முக்கியமான விஷயம். குடும்பவழிக் கிரீன் கார்டுக்கு ஸ்பான்சர் செய்தவர் ஐ-864 என்ற பத்திரத்தில் கையெழுத்திட்டிருப்பார். வந்தவரை வறுமைக்கோட்டின் 125 சதவீத அளவுக்குத் தாங்குவேன் என்று அரசுக்குத் தந்த வாக்கு அது. விவாகரத்தால் இது முடியாது. வந்தவர் குடியுரிமை பெறுவது, 40 காலாண்டு உழைப்புக் கணக்கு சேர்வது, நாட்டைவிட்டு நிரந்தரமாகப் போவது, இறப்பது என்று சில வழிகளில்தான் முடியும். திருமணத்துக்கு முன் எழுதிய ஒப்பந்தத்தால்கூட இதை ரத்து செய்ய முடியாது என்று 2016-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இதைக் குடும்ப நீதிமன்றத்திலேயே கேட்கலாம், வேலை தேடவில்லை என்று காரணம் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது என்று 2017-இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. “எனக்கு ஜீவனாம்சமே வேண்டாம், விட்டால் போதும்” என்று கையெழுத்திடப் போகிறவருக்கு இப்படி ஒரு பத்திரம் இருப்பதையாவது யாராவது சொல்ல வேண்டும். அண்ணன் தம்பிகள் சேர்ந்து அப்பா அம்மாவை வரவழைத்த வீடுகளிலும் இதே பத்திரம்தான் சண்டை மூட்டுகிறது. கையெழுத்துப் போட்டது ஒருவர், பெற்றோர் தங்குவது இன்னொருவர் வீட்டில், மருத்துவச் செலவு யாருடையது என்று மூன்றாமவர் கேட்பார்.

உட்காரவே கூடாத மேசை

அடி, மிரட்டல், பணத்தைப் பிடித்து வைத்தல் இருக்கும் வீட்டில் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைப்பது சமரசமே அல்ல. குடும்ப வன்முறை நடந்ததாக உறுதிமொழியோடு சொன்னாலோ பாதுகாப்பு ஆணை இருந்தாலோ, கேட்டுக்கொண்டால் நீதிமன்றச் சமரசர் இருவரையும் தனித்தனி நேரத்தில் சந்திக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா சட்டம் சொல்கிறது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். எச்-4 வீடுகளில் கட்டுப்பாடு அடியாகவே வர வேண்டியதில்லை. வேலை அனுமதி இல்லாத மனைவிக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்காது. ஓட்டுநர் உரிமத்தின் ஆயுள் விசாவோடு ஒட்டியது. வங்கிக் கணக்கு கணவர் பெயரில் இருக்கும். இதைச் சாதாரணக் குடும்ப ஏற்பாடு என்று பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

துன்புறுத்துபவர் குடிமகனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருந்தால், 1994-இல் வந்த பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டத்தின் கீழ் அவருக்குத் தெரியாமலேயே சுயமாக மனு செய்யலாம். பெயரில் பெண்கள் என்றிருந்தாலும் ஆண்களும் கேட்கலாம். எச்-1பிக்காரரின் மனைவிக்கு அந்தக் கதவு இல்லை. குற்றத்துக்கு ஆளாகிக் காவல்துறைக்கு உதவியவர்களுக்கான யு விசா உண்டு, ஆனால் ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான், வரிசை மிக நீளம். எச் பிரிவு விசாக்காரர்களால் துன்புறுத்தப்பட்ட துணைவருக்கு வேலை அனுமதி தரவும் சட்டத்தில் இடம் உண்டு. இந்த வழிகளில் போகப்போகிறவர் அவசரப்பட்டுச் சமரசத்தில் “எங்களுக்குள் எந்த வன்முறையும் நடக்கவில்லை” என்ற வரிக்குக் கையெழுத்திடக் கூடாது.

நம்மவர்கள் அனேகமாக இதற்கெல்லாம் முன்பே ஒரு சமரசத்தை முடித்திருப்பார்கள். இரண்டு பக்கப் பெற்றோரும் வீடியோ காலில், நடுவில் ஒரு பெரியப்பா, சங்கத்தில் மரியாதைப்பட்ட ஒரு அண்ணன். “அனுசரிச்சுப் போம்மா” என்பதில் தொடங்கி அதிலேயே முடியும். அந்தப் பெரியவர்களின் அக்கறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே ரகசியம் கிடையாது, பேசியது எதுவும் செல்லுபடியாகாது, விசாவைப் பற்றி யாருக்கும் தெரியாது. மொழிபெயர்ப்புக்கு உறவினரை அழைத்துப் போவதிலும் இதே ஆபத்து. பத்து வயதுப் பிள்ளையை அப்பா அம்மா சண்டைக்கு மொழிபெயர்ப்பாளராக உட்காரவைப்பது கொடுமை. நீதிமன்றத்திடம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.

குழந்தைகளின் அட்டவணை

பேப்பர் இல்லாத பெற்றோர் இருக்கும் வீட்டில் வழக்கமான ஏற்பாடுகள் பொருந்தா. குழந்தையைக் கைமாற்றக் காவல் நிலைய வாசலே பாதுகாப்பான இடம் என்று பல ஒப்பந்தங்களில் எழுதுவார்கள். அந்தத் தந்தை அங்கே வரவே மாட்டார். வராத தந்தை என்று பதிவாகும். நூலகமோ பள்ளியோ என்று மாற்றி எழுதினால் தீர்ந்தது. குடும்ப நீதிமன்றத்துக்கு வரவே பயப்படுகிறவர்களும் உண்டு. குடும்ப வழக்குகள் மட்டும் நடக்கும் கட்டடங்களைப் பொதுவாகத் தவிர்க்கும்படி ஐஸின் 2025 வழிகாட்டுதல் சொன்னாலும், அது கட்டாயத் தடை அல்ல. நேரில் வராமல் இணையவழிச் சமரசம் கேட்பது இந்த நிலையில் நியாயமான கோரிக்கை.

பிரிவே இல்லாத வீடுகளிலும் இப்போது சமரசர்களுக்கு வேலை இருக்கிறது. அப்பாவை வேலைக்குப் போகும் வழியில் பிடித்துவிட்டால் மாலையில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் அழைப்பார்? சித்தியா, அத்தையா, பக்கத்து வீட்டுக்காரரா? குடும்பத்துக்குள்ளேயே இதில் மனஸ்தாபம் வரும். கலிஃபோர்னியாவில் பராமரிப்பவர் உறுதிமொழிப் படிவம் என்று ஒன்று உண்டு. நீதிமன்றம் போகாமலே குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவும் உறவினராக இருந்தால் மருத்துவம் பார்க்கவும் அது போதும். 2025-இல் கையெழுத்தான புதிய சட்டம் பெற்றோரின் உரிமையை எடுக்காமலே இன்னொருவரைக் கூட்டுப் பாதுகாவலராக நியமிக்க வழி செய்தது. பெற்றோரால் முடியாமல் போகும்போது பொறுப்பேற்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் காத்திருப்புப் பாதுகாவலர் சட்டத்தை நியூயார்க் 2018-லேயே நாடுகடத்தலுக்கும் விரித்தது. யார் என்று முடிவு செய்வதைத்தான் எந்தப் படிவமும் செய்து தராது.

ஃப்ரீமாண்ட் வீட்டுக்குத் திரும்பினால், அங்கே பயம் விமான நிலையத்தில் இருக்கிறது. மனைவி விசா முடிந்து சென்னை திரும்ப வேண்டியிருந்தால் பிள்ளைகள்? குழந்தைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. இலங்கை சேர்ந்திருக்கிறது. அதனால் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பிக் கேட்க ஒரு வகுக்கப்பட்ட பாதை உண்டு, சென்னைக்கு இல்லை. இந்திய நீதிமன்றங்கள் அமெரிக்க ஆணையை ஒரு காரணியாகப் பார்த்து, குழந்தையின் நலன் எது என்று தாங்களே முடிவு செய்யும். உச்ச நீதிமன்றமே சில வழக்குகளில் திருப்பி அனுப்பியிருக்கிறது, சிலவற்றில் மறுத்திருக்கிறது. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுக்கப் பொதுவாக இரு பெற்றோரும் சம்மதிக்க வேண்டும், யாராவது விண்ணப்பித்தால் எச்சரிக்கும் அரசுத் திட்டமும் உண்டு. ஆனால் இது மகனுக்குத்தான். மகளிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட், அதை அந்தத் திட்டம் பார்க்காது. நாட்டைவிட்டு வெளியேறும்போது நிறுத்திக் கேட்கும் வழக்கமும் அமெரிக்காவில் இல்லை. ஒரே வீட்டின் இரு பிள்ளைகளுக்கு இரண்டு விதமான பாதுகாப்பு எழுத வேண்டும்.

நடைமுறையில் கைகொடுப்பது இரு நாட்டிலும் ஒரே ஏற்பாட்டை ஆணையாக்கிக்கொள்வதுதான். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இயங்குகிறது. இந்தியாவின் 2023 சமரசச் சட்டம் இணையவழிச் சமரசத்தை ஏற்கிறது. இன்னொன்றும் சேர்க்க வேண்டும். இந்து முறைப்படி நடந்த திருமணத்தை அமெரிக்க நீதிமன்றம் “ஒத்துப்போகவில்லை” என்ற காரணத்தால் முறித்தால், அதை இந்தியா தானாக ஏற்காது. இருவரும் மனமுவந்து அந்த நீதிமன்றத்தை ஏற்றுத் தீர்ப்புக்குச் சம்மதித்தார்களா என்று பார்க்கும் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. சம்மதத்தை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதாமல் விட்டால், அமெரிக்காவில் தனியாளாகவும் சென்னையில் கணவன் மனைவியாகவும் இருக்கும் விசித்திரத்தில் போய் நிற்க நேரிடும். மறுமணம் செய்யும்போதுதான் அது தெரிய வரும்.

கனடாவில் இந்தக் கணக்கு சற்று மென்மையானது. டொரன்டோ பக்கத்து ஈழத்தமிழ் வீடுகளில் பலர் இன்னும் பழைய பயத்திலேயே இருக்கிறார்கள். 2012-இல் ஸ்பான்சர் செய்யப்பட்ட துணைவர் சிலருக்கு இரண்டு ஆண்டு சேர்ந்து வாழும் நிபந்தனை விதிக்கப்பட்டது உண்மை. ஆனால் 2017 ஏப்ரலில் அதை நீக்கிவிட்டார்கள். இன்று நிரந்தர வதிவுரிமை கிடைத்த பிறகு பிரிந்தால் அந்தப் பிரிவு மட்டுமே வதிவுரிமையைப் பறிக்காது. ஸ்பான்சர் தந்த மூன்றாண்டுப் பொறுப்பு மட்டும் விவாகரத்துக்குப் பிறகும் தொடரும்.

கடைசியாக, ஃப்ரீமாண்ட் வீட்டில் பெரும்பாலும் எழுதப்படாமல் போகும் ஒரு செலவு. மூத்த மகளுக்கு 21 வயதானதும் எச்-4 முடியும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் அவள் எஃப்-1க்கு மாற வேண்டும், வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கப்படலாம், கூட்டாட்சிக் கல்வி உதவி எச்-4க்கும் கிடையாது, எஃப்-1க்கும் கிடையாது. தம்பிக்கு எல்லாம் உண்டு. கலிஃபோர்னியாவில் குழந்தைச் செலவுக் கடமை பொதுவாக 18 வயதில், பள்ளியில் இருந்தால் 19-இல் முடிந்துவிடும். கல்லூரிப் பணத்தைக் கட்டு என்று பெற்றோருக்கு நீதிபதி தாமாக ஆணையிட மாட்டார். பெற்றோரே ஒப்புக்கொண்டு எழுதினால் அது செல்லும், பிற்பாடு கட்டாயப்படுத்தவும் முடியும். மகளின் 21-ஆவது பிறந்தநாள் எந்த வருடம், அன்று யார் எவ்வளவு தர வேண்டும், அதற்கு ஓராண்டு முன்பே வக்கீல் செலவை யார் ஏற்க வேண்டும் என்று மூன்று கேள்வி. மகளுக்கு எட்டு வயதாக இருக்கும்போதே பதிலை எழுதிக்கொள்ளலாம்.